கறுப்பிக்கு ஐந்து ஊசி

சென்னைக்கு வெளியே ஒரு பிராணிகள் காப்பகம். டீக்கடைக்காரர் ஒருவர் தன் கடை வாசலில் படுத்துக் கிடக்கும் தெருநாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பெட்டை, மூன்று வயது இருக்கலாம். அவர் வைத்த பெயர் கறுப்பி. பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ரத்தம். "பத்துப் பதினைஞ்சு நாளா இப்படித்தான் இருக்குது, டாக்டரம்மா" என்றார். அவர் டாக்டரம்மா என்று அழைத்த பெண் இன்னும் டாக்டர் ஆகவில்லை. கால்நடை மருத்துவப் படிப்பின் கடைசி ஆண்டுப் பயிற்சியில் இருக்கும் மாணவி.

பெட்டை நாய் பருவத்துக்கு வரும்போது ரத்தம் கசிவது இயல்பு. மாணவிக்கு முதலில் தோன்றியதும் அதுதான். பெரிய டாக்டர் மறுத்துப் பேசவில்லை. "கையுறை போட்டுட்டு நல்லாப் பாரும்மா" என்று மட்டும் சொன்னார். வாலை ஒதுக்கிப் பார்த்தால் உள்ளே காலிஃபிளவர் பூவைப் போல ஒரு சதைக் கொத்து. விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கண்ணாடிச் சில்லை அதன்மேல் ஒற்றி எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தார்கள். வட்ட வட்டமான செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சோப்பு நுரைக் குமிழிகளைக் கோத்து வைத்தாற்போல வெற்றிடங்கள்.

"இது புற்றுநோய்" என்றார் டாக்டர். "ஆனா இது கறுப்பியோட செல் இல்லை."

அந்த வாக்கியத்தைக் கேட்டு, ஓரமாக இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நாயின் உடம்பில் வளரும் கட்டி அந்த நாயினுடையது இல்லையென்றால் வேறு யாருடையது?

புற்றுநோய் என்பது நம் சொந்தச் செல் ஒன்று கட்டு மீறிப் பெருகுவது. அது பிறந்த உடம்போடு பிறந்து, அந்த உடம்போடு அழியும். நாய்களிடம் பரவும் இந்தப் பால்வினைக் கட்டி அந்த விதிக்கு அடங்காதது. இணைசேரும்போதோ நக்கும்போதோ மோந்து பார்க்கும்போதோ, கட்டியின் உயிருள்ள செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்கு உதிர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. நோயைக் கொண்டுபோக நடுவில் ஒரு கிருமி இல்லை. செல்தான் நோய். செடியின் கிளையை ஒடித்து வேறு மண்ணில் நடுவதுபோல அது தானே பதியன் போட்டுக்கொள்கிறது. 1876-இலேயே ரஷ்யக் கால்நடை மருத்துவர் நோவின்ஸ்கி இக்கட்டியின் துணுக்கை ஒரு நாயிலிருந்து எடுத்து இன்னொரு நாய்க்குள் வைத்து வளர்த்துக் காட்டினார். ஒரு கட்டியை ஓர் உடம்பிலிருந்து வேறோர் உடம்புக்கு மாற்றி வளர்த்த முதல் வெற்றி அதுதான்.

ஏன் அப்படி வளர்கிறது என்பது மரபணுக்களைப் படிக்கத் தொடங்கிய பிறகே விளங்கியது. நாயின் செல்லில் 78 குரோமோசோம்கள். இந்தக் கட்டியின் செல்லிலோ அறுபதை ஒட்டித்தான் இருக்கும். பல குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். எந்த நாட்டு நாயிடமிருந்து கட்டியை எடுத்தாலும், அதன் மரபணு அதைச் சுமக்கும் நாயோடு ஒத்துப்போவதில்லை; மற்ற நாடுகளின் கட்டிகளோடுதான் ஒத்துப்போகிறது. உலகம் முழுவதிலிருந்தும் திரட்டிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டிகளை ஒப்பிட்டு 2019-இல் வெளியான ஆய்வு, இவை அத்தனையும் ஒரே ஒரு நாயிடமிருந்து வந்தவை என்கிறது. அந்த நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்க வேண்டும். அது செத்து மண்ணாகி எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் செல் மட்டும் சாகவில்லை. நாய் விட்டு நாய் தாவி, கப்பல் ஏறிக் கண்டங்கள் கடந்து, கடைசியில் ஒரு டீக்கடை வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மாணவியின் கையில் இருந்த கண்ணாடிச் சில்லில் ஒட்டியிருந்தது அந்தப் பழைய நாயின் உடம்பில் ஒரு துளி.

வேற்று உடம்பின் சதையை நம் உடம்பு ஏற்றுக்கொள்ளாது. சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்குவது அதனால்தான். இந்தக் கட்டிக்கு மட்டும் எப்படி இடம் கிடைக்கிறது? ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் அடையாளச் சீட்டுப் போலச் சில புரதங்களைத் தூக்கிக் காட்டும். எதிர்ப்புச் செல்கள் அதைப் பார்த்துத்தான் தன்னவர், அந்நியர் என்று பிரிக்கும். இக்கட்டியின் செல்கள் அந்தச் சீட்டைப் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. காவலாளி சந்தேகப்படத் தொடங்குவதற்குள் கட்டி கைப்பிடி அளவு வளர்ந்துவிடும்.

மருந்து இருக்கிறது. அதன் கதையும் நம் ஊர்க் கதைதான். வின்கிரிஸ்டின் என்னும் அந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வருகிறது. சுடுகாட்டு மல்லி என்று நாம் வாசலில் வைக்கத் தயங்குகிற அதே செடி. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்டது. தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மருந்துக்காகவே பயிரிடுகிறார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது, குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நுண்ணிய இழைகளைக் கட்டும். அந்த இழைகளைக் கட்டவிடாமல் செய்வதே இம்மருந்தின் வேலை. பிரிய முடியாத செல் சாகும். இந்த நாய்க் கட்டியில் அதற்குமேல் ஒன்று நடக்கிறது. செல்கள் சாகச் சாக, அதுவரை ஏமாந்திருந்த நாயின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்கிறது. மிச்சத்தை அதுவே முடித்துவிடுகிறது. வாரம் ஓர் ஊசி, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு ஊசிக்குள் கட்டி காணாமல் போகும். புற்றுநோய் மருத்துவத்தில் இவ்வளவு நல்ல செய்தி அபூர்வம்.

ஆனால் ஊசி சிரைக்குள்தான் போக வேண்டும். ஒரு சொட்டு வெளியே கசிந்தாலும் சுற்றியுள்ள சதை வெந்துபோனதுபோல அழுகிவிடும். ஆறாயிரம் ஆண்டுக் கதை, மரபணு, நித்தியகல்யாணி எல்லாம் வந்து நின்ற இடம் ஒரு மாணவியின் கட்டைவிரல்.

நாயின் முன்னங்காலில் மேல்பக்கமாக ஒரு சிரை ஓடுகிறது. பிடிப்பவர் முழங்கை மடிப்பில் கட்டைவிரலை அழுத்தி லேசாக வெளிப்பக்கம் உருட்டினால் அது புடைத்து நிற்கும். காப்பகத்தில் பிடித்தவர் இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் அண்ணன். பட்டம் பெற்ற எத்தனையோ டாக்டர்களுக்கு அவர் பிடித்துக்கொடுத்திருக்கிறார். "ரோமத்தைப் பார்க்காதம்மா, விரலால தேடு" என்றார். மாணவி கண்ணைத் திருப்பிக்கொண்டு விரலால் தடவினார். ஈரமான நூல் தோலுக்கடியில் வழுக்குவதுபோல இருந்ததாம். முதல் குத்து தவறியது. அந்தச் சிரையை விட்டுவிட்டு, டாக்டர் அடுத்த காலைக் காட்டினார். இரண்டாவது முறை, ஊசியின் அடிப்பகுதியில் குபுக்கென்று ஒரு துளி ரத்தம் தெரிந்தது. உள்ளே போயாயிற்று. முதலில் வெறும் உப்புநீரைச் செலுத்தி, தோல் உப்புகிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் மருந்து. கறுப்பி ஒருமுறை முனகியது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் இந்த இரண்டாவது முறை கிடைக்காது. நாயை வளர்ப்பவர் பக்கத்திலேயே நிற்பார். முதல் குத்து தவறியதும் அவர் முகம் மாறும். "பெரிய டாக்டரே போடட்டுமே" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவர் வீட்டுப் பிள்ளை. ஆனால் கை நடுங்கும் நூறு மாணவர்களில் ஒவ்வொருவரும் முதல் ஊசியை எங்காவது போட்டுத்தானே ஆக வேண்டும்?

சென்னை வேப்பேரியில் 1903-இல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கியது மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி. இன்று இந்தியா முழுவதும் இந்தப் படிப்பு ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. கல்லூரி மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பசு, ஆடு, கிளி, நாய் என்று வரிசை வாசல் வரை நிற்கும். ஆனால் அங்கே வரும் விலங்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். தான் போட்ட தையல் மூன்றாம் நாள் எப்படி இருந்தது, தான் கொடுத்த மருந்துக்கு வாந்தி வந்ததா என்று மாணவருக்குத் தெரிய வழி இல்லை. காப்பகத்தில் விலங்கு அங்கேயே இருக்கிறது. நேற்றுச் செய்த தவறு இன்று காலை கூண்டுக்குள்ளிருந்து பார்க்கும். காப்பகத்தின் பெரிய கொடை இதுதான் என்று நான் நினைக்கிறேன். நிறைய விலங்குகளைத் தொடலாம் என்பது உண்மை. அதைவிடப் பெரியது, ஒரே விலங்கை நாள்தோறும் தொடலாம் என்பது.

கறுப்பியைத் தினமும் தொட்டதில் அந்த மாணவி கற்றவை பல. உதட்டைத் தூக்கி ஈறை ஒரு விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். வெள்ளை ஈறு என்றால் ரத்தச்சோகை. தெருநாயிடம் உண்ணி பரப்பும் நோய்களை உடனே சந்தேகிக்க வேண்டும். மஞ்சள் ஈறு என்றால் கல்லீரல் பக்கம் யோசிக்க வேண்டும், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், கையுறையைக் கழற்றக் கூடாது. தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம்போல நின்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது.

முதல் வாரம் அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டுப் பயந்துபோனதும் உண்டு. கறுப்பியின் இதயம் ஒரு சீராக அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் விரைவாக, கொஞ்ச நேரம் மெதுவாக. இதயக் கோளாறோ என்று ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னார். "விலாவைப் பார்த்துக்கிட்டே கேளு" என்றார் டாக்டர். கறுப்பி மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு விரைகிறது, வெளியே விடும்போது தாழ்கிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் ஒரு நரம்பு, மூச்சின் தாளத்துக்கேற்ப இதயத்தைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அமைதியாக இருக்கும் நல்ல நாயின் இதயம் இப்படித்தான் அடிக்கும். பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. காதில் கேட்டவருக்கு மறக்காது.

மறக்கவே கூடாத இன்னொரு பாடமும் காப்பகத்தில்தான் ஏறுகிறது. வாயைத் திறந்தபடி, தாடை தொங்க, எச்சில் ஒழுக ஒரு நாயைக் கொண்டுவருவார்கள். "எலும்பு மாட்டிக்கிச்சு சார், எடுத்து விடுங்க" என்பார்கள். இளகிய மனம் உடனே வாய்க்குள் கையை விடச் சொல்லும். விடக் கூடாது. ரேபீஸ் கிருமி கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாகவே மூளைக்கு ஏறி, அங்கிருந்து எச்சில் சுரப்பிகளுக்கு இறங்கும். தாடையையும் தொண்டையையும் இயக்கும் நரம்புகள் செயலிழந்தால் நாயால் வாயை மூடவும் முடியாது, விழுங்கவும் முடியாது. வெறிபிடித்துக் கடிக்க ஓடும் நாயைத்தான் நாம் ரேபீஸ் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். மூலையில் சாதுவாகத் தாடை தொங்கி உட்கார்ந்திருப்பதும் அதே நோய்தான். உலகில் ரேபீஸால் சாகிறவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. காப்பகத்தில் வேலை செய்ய வரும் மாணவர் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட பிறகே விலங்கைத் தொட வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு எதுவும் இல்லை.

ஒரு நாயைப் பார்ப்பது ஒரு கலை என்றால், நூறு நாய்களை ஒன்றாகப் பார்ப்பது வேறு கலை. காலையில் கூண்டு கழுவும் வரிசையே ஒரு பாடம். தடுப்பூசி முடியாத, நலமாக இருக்கும் குட்டிகளிடம் முதலில் போக வேண்டும், அடுத்து நலமான பெரிய நாய்கள், நோயாளிகள் கடைசியில். வரிசையை மாற்றினால், துடைக்கிற துணியும் செருப்பும் நோயைச் சுமந்து போய் குட்டிகளிடம் சேர்க்கும். நாய்களின் பார்வோ வைரஸை உலகம் கண்டுகொண்டதே 1978-இல்தான். பூனைகளின் வைரஸ் ஒன்றுக்கு நெருங்கிய உறவான அது, இரண்டே ஆண்டில் உலகைச் சுற்றி வந்தது. சில வைரஸ்களுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். பார்வோவுக்கு அந்த உறையே இல்லை. ஆகவே சோப்பும் ஸ்பிரிட்டும் அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். பிளீச் கரைசல் கொல்லும், அதுவும் அழுக்கை முதலில் கழுவிய பிறகு ஊற்றினால்தான். ரத்த வாடை வீசும் பேதியோடு ஒரு குட்டி வந்து சேர்ந்த நாளில், காப்பகத்தை அன்று யார் எந்த வரிசையில் கழுவினார்கள் என்பதைப் பொறுத்து மற்றக் குட்டிகளின் உயிர் இருக்கிறது.

கோழிப் பண்ணைக்கும் மாட்டுப் பண்ணைக்கும் இந்தக் கூட்ட மருத்துவம் எப்போதோ வந்துவிட்டது. காப்பகத்துக்கு வரத் தாமதமானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1999-இல்தான் காப்பக மருத்துவம் முதன்முறையாகத் தனிப் பாடமானது. நியூயார்க் காப்பகங்களில் நெடுங்காலம் உழைத்த லைலா மில்லர் அதைக் கற்பித்தவர்களில் ஒருவர். 2001-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸில் கேட் ஹர்லி இத்துறையின் முதல் உறைவிடப் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்தார். 2014-இல் அமெரிக்காவில் அது தனிச் சிறப்புத் துறையாக அங்கீகாரம் பெற்றது. காப்பகப் பூனைகளுக்கு ஏன் வந்த சில நாளில் தும்மலும் கண்ணில் நீரும் வருகின்றன என்பது இத்துறை துலக்கிய கேள்விகளில் ஒன்று. பல பூனைகள் ஹெர்பிஸ் வைரஸை நரம்புக்குள் தூங்கவைத்துக்கொண்டேதான் வருகின்றன. இடம் மாறிய பயத்தில் அது விழித்துக்கொள்கிறது. அப்படியானால் பயத்தைக் குறைப்பதும் மருந்துதான். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளில் ஏறத்தாழப் பாதிக்கு ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை முதல் சில நாட்களிலேயே தெளிந்தன. மற்றவை தெளிய அதிக நாள் பிடித்தது. மளிகைக் கடையில் சும்மா கிடைக்கிற பெட்டி!

அறுவைச் சிகிச்சை கற்ற வரலாறு இவ்வளவு இனிமையானதன்று. பல நாடுகளில், அண்மைக்காலம் வரை, மாணவர்கள் நலமான நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, அறுத்து, தைத்துப் பழகிய பின் அதை எழுப்பாமலேயே கொன்றுவிடுவார்கள். பழகுவதற்கு வேறு வழி இல்லை என்று சொல்லப்பட்டது. மாணவர்களே எதிர்த்தார்கள். இன்று ரப்பர், சிலிக்கான் மாதிரிகளில் முடிச்சுப் போடப் பழகிவிட்டு, அந்த விலங்குக்கே தேவைப்படும் அறுவையில் கை வைக்கிறார்கள். தெருநாய்க்கு அந்தத் தேவை கருத்தடை. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-இலேயே தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போடத் தொடங்கியது. மாநகராட்சி 1996-இல் அதைத் தன் வழியாக ஏற்றது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதியானது. நீலகிரியில் வேர்ல்ட்வைடு வெட்டர்னரி சர்வீஸ் நடத்தும் பயிற்சி மையத்தில் உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் வந்து இந்த அறுவையைக் கற்கிறார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் எளிய அறுவை. உள்ளே விரல்தான் கண். நாயின் கருப்பை இரண்டு கொம்பாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் முனையிலும் சினைப்பையோடு சிறுநீரகத்தின் பக்கம் போய் ஒட்டியிருக்கும். வலதுபக்கம் இன்னும் ஆழம். சினைப்பையைப் பிடித்துவைத்திருக்கும் நார் வீணைத் தந்திபோல விறைத்திருக்கும். அதை விரல் நுனியால் அழுத்தி மெல்லத் தளர்த்தினால்தான் சினைப்பை வெளியே வரும். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் பக்கத்திலேயே ஓடும் ரத்தக் குழாய் கிழியும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதை எழுத்தில் சொல்ல முடியாது. மூத்தவர் எதிரே நின்று, மாணவியின் கையைப் பார்த்தபடி, "இன்னும், இன்னும், போதும்" என்று சொல்வதில்தான் அந்த அளவு கைமாறுகிறது.

பேசத் தெரியாத, கேட்பதற்கு ஆளில்லாத உடம்பில் பழகுவது நியாயமா என்ற கேள்வி எனக்கு உண்டு. அங்கே இருந்த நாட்களில் கவனித்தேன்: மூத்தவரின் மேற்பார்வை இல்லாமல் எந்தக் கத்தியும் எடுக்கப்படவில்லை, நாய்க்குத் தேவையில்லாத எதுவும் பயிற்சிக்காகச் செய்யப்படவில்லை, வலிநீக்கி எந்த நாயின் சீட்டிலும் விடுபடவில்லை. இந்த மூன்றும் இருந்தால் நியாயம். ஒன்று குறைந்தாலும் அது கற்றல் அல்ல, ஆளில்லாதவனை உபயோகித்துக்கொள்வது.

கறுப்பிக்கு வருவோம். இரண்டாவது ஊசிக்குப் பிறகு ரத்தம் நின்றது. மூன்றாவது ஊசிக்கு முன் ரத்தம் எடுத்து எண்ணியபோது வெள்ளையணு குறைந்திருந்தது. வேகமாகப் பிரியும் செல்லையெல்லாம் தாக்கும் மருந்து, எலும்பு மஜ்ஜையையும் விட்டுவைக்காது. ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க மாணவி காலையும் மாலையும் வெப்பமானியோடு கூண்டுக்குப் போனார். நாய்க்கு இயல்பான 102 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. நான்காவது ஊசிக்கு கறுப்பியே காலை நீட்டியது என்று அண்ணன் சொன்னார், நான் பார்க்கவில்லை. ஐந்தாவது ஊசியின்போது பார்த்தேன். ஒரே குத்து. ஒரு துளி ரத்தம். பெரிய டாக்டர் பக்கத்து மேஜையில் வேறு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

அடுத்த வாரம் மீண்டும் கண்ணாடிச் சில்லை ஒற்றி எடுத்தார்கள். மாணவி நெடுநேரம் நுண்ணோக்கியில் கண் வைத்திருந்தார். சில்லை மேலும் கீழும் நகர்த்தினார், ஓரங்களைத் தேடினார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தட்டையான சாதாரணச் செல்கள், அங்கங்கே. கறுப்பியுடையவை.

கருத்தடை முடிந்து, தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதோரத்தில் சிறு வெட்டு வைத்து, தையல் காய்ந்த பின் வண்டியில் ஏற்றினார்கள். டீக்கடை முன் கதவைத் திறந்ததும் கறுப்பி குதித்து இறங்கி, ஓர் உதறு உதறி, நேரே பெஞ்சுக்கு அடியில் போய்ப் படுத்தது. கடைக்காரர் ஒரு பொறையைப் போட்டார். மாணவி குனிந்து அதன் முன்னங்காலில் மழித்த இடத்தைத் தடவிப் பார்த்தார். புது ரோமம் குத்துக் குத்தாக முளைத்திருந்தது.